சால்வடோரில் பந்தாட்டமும் அக்கராஜேயும்: ஒரு கடப்புறத்துக்காரனின் மதிப்பீடு

பிரேசிலில் பந்தாட்டம் பார்க்கவும் அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடவும் எந்த நகரத்துக்குப் போகலாம் என்று நம் கடப்புறத்துப் பிள்ளைகள் கேட்கும்போது, ரியோ என்றோ சாவ் பாவ்லோ என்றோ விடை வரும் என்று எதிர்பார்த்தே கேட்கிறார்கள். என் விடை சால்வடோர். பிரேசிலின் வடகிழக்குக் கரையில், பாஹியா மாநிலத்தின் தலைநகராக, ஏறத்தாழ 24 லட்சம் மக்கள் வாழும் துறைமுக நகரம் அது. 1549 முதல் 1763 வரை அந்நாட்டுக்கே தலைநகராக இருந்தது. தேங்காய்ப்பாலில் மீன் வேகும் ஊர், மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) இல்லாமல் சாப்பாட்டுத் தட்டு நிறையாத ஊர், மாலையானால் கடல் மணலில் பந்து உருளும் ஊர். கன்னியாகுமரி மாவட்டக் கடப்புறமான நீரோடியிலும் வள்ளவிளையிலும் தூத்தூரிலும், கேரள எல்லைக்கு அப்பால் பொழியூரிலும் வளர்ந்த ஒருவருக்கு அங்கே மொழி மட்டும்தான் புதிது.

நான் ரசாயனச் சரக்குக் கப்பல் ஒன்றில் மூன்றாம் எஞ்சினியர். எங்கள் கப்பல் அராட்டு துறைமுகத்தில் சரக்கு இறக்கிய பிறகு, பம்புக்கு வரவேண்டிய உதிரிபாகம் தாமதப்பட்டதால், 11 நாள் அங்கேயே நிற்க நேர்ந்தது. அராட்டுவிலிருந்து சால்வடோருக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வேலை முறையைப் பார்த்துக்கொண்டு ஆறு நாள் நகரத்துக்குப் போய்வந்தேன். என்னோடு வந்தவர் எங்கள் போசன் (கப்பலின் தளப் பணியாளர்களின் தலைவர்), பொழியூர்க்காரர், என்னைவிட 15 வயது மூத்தவர், எனவே எனக்கு அண்ணன். இளமையில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்களில் பின்காவல் ஆடியவர் என்பதால், இன்றும் ஆட்டம் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டுப் பின்வரிசையின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே எழுதியிருப்பதில் பாதி அவருடைய கண்ணும் நாக்கும் சொன்ன தீர்ப்பு.

சால்வடோரை நான் முதலில் பார்த்தது எங்கள் ஊர் வலைக் கொட்டகையில். 2014 உலகக் கோப்பையின்போது பின்னாத வலைகளை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, ஜூன் 13 நள்ளிரவு கடந்து 12.30 மணிக்கு ஸ்பெயினும் நெதர்லாந்தும் மோதிய ஆட்டத்தைப் பார்த்தோம். நடப்பு உலகச் சாம்பியனை நெதர்லாந்து 5-1 என்று தோற்கடித்ததும், இடைவேளைக்குச் சற்று முன் வான் பெர்சி காற்றில் பாய்ந்து தலையால் முட்டிப் பந்தை வலைக்குள் அனுப்பியதும் அந்தக் கொட்டகையில் இருந்த யாருக்கும் மறக்கவில்லை. அது நடந்த இடம் சால்வடோரின் ஃபோன்ட்டே நோவா அரங்கம். அந்த உலகக் கோப்பையில் அங்கே ஆறு ஆட்டங்கள் நடந்தன. ஜெர்மனி போர்ச்சுகலை 4-0 என்றும், பிரான்சு சுவிட்சர்லாந்தை 5-2 என்றும் வென்றது அங்கேதான். கோஸ்டா ரிக்காவுடன் கோலே விழாத காலிறுதியில், பெனால்டிக்கு மட்டுமென்று நெதர்லாந்து தன் கோல்காப்பாளரை மாற்றி வென்றதும் அங்கேதான். அராட்டுவுக்குச் சரக்கு என்று கப்பலுக்குத் தகவல் வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த வேட்டித் திரை.

அரங்குக்குப் போகும் வழி எளிது. நகரத்தின் மெட்ரோவில் முதல் தடத்தில் ஏறி, காம்போ ட போல்வோரா நிலையத்தில் இறங்கி, கூட்டத்தோடு இறக்கத்தில் சற்று நடந்தால் அரங்கம். ஆட்ட நாளில் வழி கேட்க வேண்டியதே இல்லை; நீலமும் சிவப்பும் வெள்ளையும் அணிந்தவர்கள் போகும் பக்கமெல்லாம் வழிதான். நுழைவுச்சீட்டு அவ்வளவு எளிதாக இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். 20,000 பேருக்கு மேல் கொள்ளும் அரங்குகளில் பார்வையாளரின் முகத்தைப் பதிவு செய்து அதைக் கொண்டே உள்ளே விட வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டம் விதித்திருக்கிறது. துறைமுகத்துக்கு வெளியே நின்ற ஒரு சுற்றுலா முகவர், எல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, எங்கள் இருவரிடமும் சீட்டு விலையைப்போல் இருமடங்கு வாங்கிக்கொண்டார். வாயிலில் போய் நின்றபோதுதான் எங்கள் முகம் எதிலும் பதிவாகவில்லை என்பது தெரிந்தது. அன்று உள்ளே போக முடியவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு, அணியின் அதிகாரபூர்வ விற்பனைத் தளத்தில் கடவுச்சீட்டு எண்ணைக் கொடுத்து, கைபேசியில் முகத்தைப் பதிவு செய்து, நாங்களே வாங்கினோம். அரை மணி நேர வேலை. இடைத்தரகரை நம்ப வேண்டாம். சீட்டு வாங்கும் நாளன்றே பதிவையும் முடித்துவிடுங்கள்.

ஆனால் உள்ளே போக முடியாத அந்த மாலையில்தான், சால்வடோரில் நான் சாப்பிட்ட மிகச் சிறந்த உணவு கிடைத்தது. வாயிலுக்கு வெளியே, சுவரோரமாக, வெள்ளைப் பின்னல் பாவாடையும் வெள்ளைத் தலைப்பாகையும் மணிமாலைகளும் அணிந்த ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். இவர்களை பையானா என்கிறார்கள். பாஹியாப் பெண் என்று பொருள். அவருக்கு முன் மரத்தட்டு, பக்கத்தில் அகலமான எண்ணெய்ச் சட்டி, மடியருகே ஒரு குண்டானில் வெள்ளை மாவு. அந்த மாவு வேறொன்றும் இல்லை, காராமணி. ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, வெங்காயமும் உப்பும் சேர்த்தது. நீண்ட மரக்கரண்டியால் அதை அவர் அடித்துக்கொண்டே இருந்தார். மாவு காற்றை வாங்கிப் பொங்கி, கரண்டியை உயர்த்தினால் விழாமல் நிற்கும் பதத்துக்கு வரும்வரை அந்தக் கை ஓயவில்லை. நம் வீடுகளில் உளுந்துவடைக்கு மாவு பதம் பார்க்க ஒரு துளியைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பார்கள் அல்லவா, அதே பொறுமை அந்த முகத்தில் இருந்தது.

எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெண்டே என்று பெயர். ஆப்பிரிக்க எண்ணெய்ப் பனையின் பழத்திலிருந்து எடுத்த, சுத்திகரிக்காத, செம்மஞ்சள் நிற எண்ணெய். நம் பலகாரக் கடைகளில் பயன்படும் பாமாயிலுக்கும் இதற்கும் மரம் ஒன்றாக இருந்தாலும் மணத்தில் உறவே இல்லை. சட்டியில் ஒரு முழு வெங்காயத்தைப் போட்டு வைத்திருந்தார்; எண்ணெய் கருகாமல் இருக்க என்று சைகையால் சொன்னார். இரண்டு கரண்டிகளுக்கு இடையில் மாவை உருட்டி விட்டதும் அது மூழ்கி, எழுந்து, புரண்டு, வெளியே செம்பழுப்பாகவும் உள்ளே வெள்ளையாகவும் வெந்தது. அதை எடுத்து, கத்தியால் நடுவில் கீறி, அடுக்கடுக்காக நிரப்பினார்: முதலில் வத்தாபா, பிறகு கருரு, தக்காளியும் கொத்தமல்லியும் நறுக்கிய கலவை, மேலே காய்ந்த இறால். இதுதான் அக்கராஜே.

வத்தாபா என்பது ஊறவைத்த ரொட்டி, தேங்காய்ப்பால், முந்திரி, நிலக்கடலை, இஞ்சி, காய்ந்த இறால், டெண்டே எல்லாம் சேர்த்து அரைத்துக் கிண்டிய குழைவான விழுது. கருரு வெண்டைக்காயில் செய்வது. முதல் கடி கடித்துவிட்டு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு, "மக்கா, இது நம்ம வன்பயறாக்கும், உள்ள இருக்கது கூனி இறால் சம்மந்தி" என்றார். எனக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பரிமாறும்போது பையானா கேட்கும் ஒரே கேள்வி, சூடாகவா குளிராகவா என்பது. அது வெப்பத்தைப் பற்றியது அன்று. சூடு என்றால் மிளகாய் விழுது தடவியது, குளிர் என்றால் தடவாதது. அந்த மிளகாய் மலகேட்டா, நம் காந்தாரி மிளகாயின் இனத்தைச் சேர்ந்தது. நம் எல்லைக்காரர்கள் தயங்காமல் சூடு என்று சொல்லலாம். இறால் சேர்த்தால் விலை சற்றுக் கூடும், சேர்த்தே வாங்குங்கள். அதே மாவை வாழையிலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்தது அபாரா. எண்ணெயில் பொரித்தது வேண்டாம் என்பவர்களுக்கு அது உகந்தது, நம் இலையடையைப் பிரிப்பதுபோல் இலையைப் பிரித்துச் சாப்பிட வேண்டும். டெண்டே கனத்த எண்ணெய் என்பதால் முதல் நாளிலேயே மூன்று அக்கராஜே சாப்பிடுவது நல்லதன்று. தேங்காயெண்ணெயில் வளர்ந்த வயிறு என்ற நம்பிக்கையில் நான் சாப்பிட்டேன். இரவெல்லாம் நெஞ்சு கரித்தது.

இந்த உணவுக்கு அந்த அரங்க வாயிலில் இருக்கும் உரிமை சும்மா கிடைத்ததன்று. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க மக்களின் பெண்கள் தலையில் தட்டைச் சுமந்து தெருத்தெருவாக விற்ற பலகாரம் இது. அவர்களுடைய கண்டோம்ப்லே வழிபாட்டில் காற்றுக்கும் புயலுக்கும் உரிய தெய்வமான இயான்சாவுக்குப் படைக்கும் பண்டமும் இதுவே. பையானாக்களின் இந்தத் தொழிலை 2005ஆம் ஆண்டு பிரேசில் அரசு தேசியப் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. ஆயினும் உலகக் கோப்பைக்காகப் புதிய அரங்கம் திறக்கப்பட்ட 2013இல், ஃபிஃபாவின் விளம்பரதாரர் விதிகளின்படி அரங்கைச் சுற்றிய பகுதியில் மற்றவர்கள் எதையும் விற்கக்கூடாது என்ற நிலை வந்தபோது, பழைய அரங்கில் ஆண்டுக்கணக்காக விற்றுவந்த பையானாக்கள் வெளியே நிற்க நேரும் என்றாயிற்று. அவர்கள் தங்கள் வெள்ளை உடையிலேயே திரண்டு போராடினார்கள். கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். கடைசியில் அனுமதி பெற்றார்கள். பெரிய நிறுவனத்தோடு மோதித் தங்கள் இடத்தை மீட்ட பெண்களின் கையால் வாங்கிச் சாப்பிடுகிறோம் என்ற எண்ணம், கடலிலும் கரையிலும் தன் இடத்துக்காக ஓயாமல் மனுக்கொடுத்துக்கொண்டிருக்கும் நம் கடப்புறத்து மக்களுக்கு எளிதில் விளங்கும்.

இரண்டாம் முறை உள்ளே போனோம். ஃபோன்ட்டே நோவாவின் பழைய அரங்கம் 1951இல் திறக்கப்பட்டது. 2007இல் மேல்தளத்தின் ஒரு பகுதி பெயர்ந்து ஏழு பேர் உயிரிழந்த பிறகு மூடப்பட்டு, 2010இல் இடிக்கப்பட்டது. புதியதையும் பழையதைப் போலவே ஒரு முனையில் திறந்த குதிரை லாட வடிவில் கட்டியிருக்கிறார்கள். அந்தத் திறப்பின் வழியே டொரொரோ ஏரி தெரிகிறது; ஏரியின் நடுவில் ஓரிஷா தெய்வங்களின் உயரமான சிலைகள் வட்டமாக நிற்கின்றன. ஏறத்தாழ 50,000 பேர் அமரலாம். திறந்த முனைக்கு எதிர்ப்புறம், மேல் அடுக்கில் இடம் கிடைத்தால் அதையே எடுங்கள்: ஆட்டம் முழுவதும் கண்ணுக்குள் அடங்கும், பந்து வெளியே போகும் நேரங்களில் ஏரியிலிருந்து வரும் காற்றும் கிடைக்கும். கோலுக்குப் பின்னால் கீழ்ப்பகுதி, 90 நிமிடமும் நின்றுகொண்டு பாடுகிறவர்களுக்கு உரியது. அங்கே போய் உட்கார நினைப்பது அவர்களுக்கும் இடைஞ்சல், நமக்கும் இடைஞ்சல்.

பாஹியா என்ற அணியே இங்கே சொந்த அணி. 1931இல் தொடங்கப்பட்டது. பிரேசிலின் முதல் தேசியக் கோப்பையான 1959ஆம் ஆண்டின் டாசா பிரசிலை, பெலேயின் சான்டோஸ் அணியை இறுதியில் வென்று எடுத்தது இந்த அணிதான். 1988ஆம் ஆண்டுத் தொடரில் மீண்டும் நாட்டின் சாம்பியன் ஆனது. 2023 முதல் மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளர்களான குழுமத்திடம் இருக்கிறது. இவையெல்லாம் எந்தக் கைபேசியிலும் கிடைக்கும் செய்திகள். கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன். எங்களுக்கு முன்வரிசையில் ஒரு பாட்டி, பேரனோடு வந்திருந்தார். சொந்த அணி பந்தை இழந்த ஒவ்வொரு முறையும், கையிலிருந்த அவித்த நிலக்கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தலையில் வைப்பார். பந்து மீண்டும் கிடைத்ததும் பொட்டலத்தை எடுத்து நான்கைந்து கடலை உரிப்பார். இடைவேளைக்குள் பொட்டலம் தீரவில்லை என்பதிலிருந்தே அன்றைய நடுக்களம் எவ்வளவு மோசமாக ஆடியது என்பது விளங்கும். அண்ணனுக்கும் எனக்கும் ஒரு பிடி கொடுத்தார். உப்புத் தண்ணீரில் தோலோடு அவித்தது. நம் ஊரில் கப்பலண்டி என்போமே, அதேதான். கப்பலேறி வந்த அண்டி என்று பெயர் வைத்த நம் முன்னோருக்கு, அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது தெரிந்திருக்கிறது.

"போரா பஹேயா" என்று அரங்கம் முழுவதும் ஒரே குரலில் எழும்போது இருக்கை அதிர்வதை முதுகில் உணர முடிந்தது. அதை ஒளிபரப்பில் கேட்டால் வெறும் இரைச்சலாகத்தான் இருக்கும்.

அணி வெளியூரில் ஆடும் நாளில் எங்கே பார்ப்பது? ரியோ வெர்மேல்யோ என்ற கடலோரப் பகுதிக்குப் போங்கள். அங்கே லார்கோ டி சன்டானா, லார்கோ ட மரிக்கீட்டா என்று அருகருகே இரண்டு சதுக்கங்கள். ஒன்றில் டின்யா, மற்றொன்றில் சீரா என்ற பெயர்களில் நகரத்தின் புகழ்பெற்ற அக்கராஜேத் தட்டுகள். எது சிறந்தது என்று அந்த ஊர்க்காரர்களுக்குள்ளேயே முடிவுக்கு வராத வழக்கு உண்டு. சீராவின் மாவு மெல்லிசாகப் பொரிந்திருந்தது என்று எனக்குத் தோன்றியது. அண்ணன் டின்யாவின் வத்தாபாவுக்கு வாக்களித்தார். சதுக்கத்தைச் சுற்றிய கடைகள் மாலையில் பிளாஸ்டிக் மேசைகளை வெளியே இழுத்துப் போட்டு, தொலைக்காட்சியைத் தெருப்பக்கம் திருப்பி வைக்கின்றன. அக்கராஜேயை ஒரு தட்டிலிருந்தும், குளிர்பானத்தை வேறொரு கடையிலிருந்தும் வாங்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், யாரும் எழுப்புவதில்லை.

நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வரிசையில் நிற்கும் மக்களும், சட்டிக்கு முன் இருந்த பையானாவும், அவருக்கு எதிர்ச்சுவரில் இருந்த திரையும் ஒருசேரத் தெரிந்தன. பாஹியா அணிக்கு ஒரு ஃபிரீ கிக் கிடைத்தது. வரிசை முழுவதும் திரையை நோக்கித் திரும்பியது. அந்தப் பெண்மணி தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் எண்ணெய்க்கு மேல் நீட்டிய கரண்டி அப்படியே நின்றது, மாவு அதன் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. பந்து சுவராக நின்ற வீரர்கள்மேல் பட்டுத் திரும்பியதை, கூட்டத்தின் பெருமூச்சைக் கேட்டே தெரிந்துகொண்டு மாவை எண்ணெயில் விட்டார். சமைப்பவரும் சாப்பிடுபவரும் ஒரே ஆட்டத்துக்குள் இருக்கும் இடத்தில் உணவின் சுவை வேறாக இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் இந்த மதிப்பீட்டில் ரியோ வெர்மேல்யோவுக்கு அரங்கத்துக்குச் சமமான இடம் கொடுக்கிறேன்.

அந்தப் பகுதி மீனவர்களுடையது என்பதும் எங்களை அங்கே இழுத்தது. ஆண்டுதோறும் பிப்ரவரி 2 அன்று, கடல் தாயான இயெமன்ஷாவுக்குப் பூவும் சோப்பும் கண்ணாடியும் கூடைகளில் வைத்துப் படகில் ஏற்றிக் கடலில் விடும் பெருவிழாவை அங்குள்ள மீனவர்கள்தான் 1920களில் தொடங்கினார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சால்வடோர் நகரத்தின் பாதுகாவலர் புனித சவேரியார். 1544இல் நம் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஊர் ஊராக நடந்த அதே சவேரியார். இதைக் கேட்டபோது அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

மீன்குழம்புக்கு வருகிறேன். மொக்கேக்கா என்பது மண்சட்டியில் வெங்காயம், தக்காளி, குடைமிளகாய், கொத்தமல்லி அடுக்கி, மீன் துண்டங்களை வைத்து, தேங்காய்ப்பாலும் டெண்டேயும் ஊற்றித் தண்ணீர் சேர்க்காமல் வேகவைப்பது. புளியும் இல்லை, மல்லிப்பொடியும் இல்லை, மீனில் தடவிய எலுமிச்சைச் சாறுதான் புளிப்பு. நம் தேங்காய் அரைத்த மீன்கறியை எதிர்பார்த்துப் போகக்கூடாது. அது வேறு ஊர், வேறு கை. சட்டி மேசைக்கு வரும்போது கொதித்துக்கொண்டே வர வேண்டும், எண்ணெய் ஓரத்தில் தங்க நிறத்தில் பிரிந்திருக்க வேண்டும், மீன் கரண்டி பட்டால் இதழாகப் பிரிய வேண்டும். இந்த மூன்றும் இல்லாத ஒரு மொக்கேக்காவை, பெரிய திரைகளையும் சுற்றுலாப் பயணிகளையும் நம்பி நடக்கும் ஒரு கடற்கரைக் கடையில் சாப்பிட்டோம். உறையவைத்த மீன், ஆறிய சட்டி, இரண்டு பேருக்குச் சாப்பாடு என்று சொன்னது ஒருவருக்கே போதவில்லை; கேட்காமலே மேசையில் வைத்த சிறு தின்பண்டத்துக்கும் பணம் பிடித்தார்கள். திரை மட்டும் பெரிதாக இருந்தது. கடலைப் பார்த்த மேசை, ஆங்கிலத்தில் உணவுப் பட்டியல், வாசலில் நின்று அழைக்கும் ஆள் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

நல்ல மொக்கேக்கா ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சிறிய கடையில் கிடைத்தது. வெள்ளிக்கிழமை என்று குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு: அன்று கண்டோம்ப்லே தெய்வமான ஓஷாலாவுக்கு உரிய நாள் என்பதால் நகரத்தில் பலர் வெள்ளை உடுத்துகிறார்கள், சாதாரண மதியச் சாப்பாட்டுக் கடைகளும் டெண்டே சேர்த்த பாஹியா உணவுகளைச் சமைக்கின்றன. ஆறு மேசை. மூலையில் ஒரு சிறிய தொலைக்காட்சியில் முந்தைய நாள் ஆட்டத்தின் அலசல் ஓடிக்கொண்டிருந்தது; சமையல்காரர் ஒவ்வொரு சட்டியை வைத்துவிட்டுப் போகும்போதும் நடுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டே போனார். மொக்கேக்காவோடு சோறும், மீன்சாற்றில் மரச்சீனி மாவைக் கிண்டிய பிராவ் என்ற கூழும், டெண்டேயில் வறுத்த மரச்சீனி மாவான ஃபாரோஃபாவும் வந்தன.

அந்த மரச்சீனி மாவை நான் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. பிரேசிலின் பழங்குடிகள் பயிரிட்ட கிழங்கு அது. கசப்பு இனத்தைத் துருவிப் பிழிந்து நஞ்சை நீக்கி, அகன்ற சட்டியில் வறுத்துப் பொரபொரவென்று மாவாக்கிச் சேமிக்கும் முறையும் அவர்களுடையது. போர்த்துக்கேயர் வழியாகக் கடல் கடந்த கிழங்கு, 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாளின் ஊக்கத்தால் நம் பக்கம் பரவி, அரிசி கிடைக்காத காலங்களில் நம் பாட்டன்மாரின் பசியைத் தீர்த்தது. நாம் அதை அவித்துச் சாளைக்கறியோடு சாப்பிடுகிறோம். அவர்கள் வறுத்த மாவாக எல்லாவற்றின் மேலும் தூவிக்கொள்கிறார்கள். முந்திரியும் அங்கிருந்து வந்ததே. நம் அண்டியாபீஸ்களில் லட்சக்கணக்கான பெண்கள் கையால் உடைத்த கொட்டைக்குத் தாய்வீடு அந்தக் கரை. மறுவழியில் போனது பலா. சால்வடோரின் சாவ் ஜுவாக்கிம் சந்தையில் பலாச்சுளை விற்கும் பெண்ணிடம் இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். ஷாக்கா என்றார். "எடே, சக்க!" என்று அண்ணன் கூவியதில் அவர் பயந்துவிட்டார். மலையாளச் சொல்தான் போர்த்துக்கேயம் போய் அங்கே நிலைத்திருக்கிறது. மரச்சீனி மாவை எடையிட்டு விற்கும் கடைகளும் அதே சந்தையில் வரிசையாக இருக்கின்றன. கோப்பியோபா என்று கேட்டு வாங்கினால் மிக நைசான, மொறுமொறுப்பான வகை கிடைக்கும். நான் இரண்டு கிலோ வாங்கினேன்.

நகரத்தின் இன்னோர் அணியான விட்டோரியாவின் அரங்கம் பராடாவ். 1986இல் திறந்தது, நகர மையத்திலிருந்து விலகிய பகுதியில் இருக்கிறது, நான் போகவில்லை. 1994 உலகக் கோப்பையை வென்ற பெபெட்டோ தொடங்கியது விட்டோரியாவில்தான் என்பதும், புதிய ஃபோன்ட்டே நோவாவின் திறப்பு ஆட்டத்திலேயே விட்டோரியா பாஹியாவை 5-1 என்று தோற்கடித்தது என்பதும் அந்த அணியின் ஆதரவாளர்கள் பேச்சைத் தொடங்கும் இடங்கள். சிவப்பும் கறுப்பும் அணிந்த ஒருவரிடம் இந்த இரண்டையும் சொன்னால் நல்ல வரவேற்பு கிடைக்கும். நீலச் சட்டைக்காரரிடம் இரண்டாவதைச் சொல்ல வேண்டாம்.

காசு செலவில்லாமல் பார்க்கும் ஆட்டமும் உண்டு. கடற்கரையில் ஊர்ப்பையன்கள் ஆடும் ஆட்டத்துக்கு பாஹியாவில் பாபா என்று பெயர். கல்லை வைத்தோ செருப்பை வைத்தோ கோல் அளந்து, அலை ஏறும்வரை ஆடுவார்கள். பார்ரா கலங்கரை விளக்கத்துக்கு அருகில் ஒரு மாலை நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பக்கத்தில் ஆள் குறைந்ததும் அண்ணனைக் கையசைத்து அழைத்தார்கள். 50 வயதைத் தாண்டிய மனிதர் கால்சட்டையை மடித்துவிட்டுப் பின்காவல் நின்றார். மணலில் பந்து எங்கே தங்கும், எங்கே சறுக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பையன் ஒருவன் இளநீர் வாங்கிக் கொடுத்தான்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அந்த ஊர்க்காரர்கள் கைபேசியில் பிக்ஸ் என்ற முறையில் பணம் செலுத்துகிறார்கள், அது நம் யுபிஐ போன்றது, ஆனால் உள்ளூர் வங்கிக் கணக்கு இல்லாத நமக்கு உதவாது. தெருவோரத் தட்டுகளுக்கு, பிரேசில் நாணயமான ரெயாலில் சிறிய நோட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்குப் போகும்போது கழுத்துச் சங்கிலியையும் கைக்கடிகாரத்தையும் கப்பலிலோ விடுதியிலோ விட்டுச் செல்லுங்கள். இரவு ஆட்டம் முடிந்தால் கூட்டத்தோடு கூட்டமாக மெட்ரோ வரை நடந்துவிடுங்கள், தனியாகச் சந்துகளில் குறுக்குவழி தேட வேண்டாம். எதிரணியின் நிறத்தில் சட்டை போடாதீர்கள். வார நடுவில் ஆட்டங்கள் இரவு 9.30 மணிக்குத் தொடங்குவதும் உண்டு. அப்படியானால் மெட்ரோ எதுவரை ஓடும் என்பதை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போதே வாயிலுக்குப் போய்விட வேண்டும், அக்கராஜேக்கு அதுதான் நேரம். கடைசி அரை மணியில் வரிசை நீண்டு, அவசரத்தில் பொரிந்தது உள்ளே மாவாகவே இருக்கும்.

பாஹியாவும் விட்டோரியாவும் மோதும் ஆட்டத்தை நாங்கள் பார்க்கவில்லை. பா-வி என்று அதற்குப் பெயர். எங்கள் உதிரிபாகம் வந்து, கப்பல் நங்கூரம் எடுத்து நான்கு நாள் கழித்து அது நடந்தது. அட்லாண்டிக்கின் நடுவில், எஞ்சின் அறை வேலை முடிந்து மேலே வந்தபோது, அண்ணன் சமையலறையில் தேங்காய்த்துருவலும் காந்தாரியும் சேர்த்துக் கோப்பியோபா மாவை வறுத்துக்கொண்டிருந்தார். ஆட்ட முடிவு வந்துவிட்டதா என்று என்னைக் கேட்டார்.